கல்கத்தாவில் ஒரு கட்டு கேந்திப்பூ

வெள்ளி

மாமாவுக்கு அது கொல்கத்தா இல்லை, கல்கத்தா. 2001லேயே பெயரை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால், "மாத்தினவங்க அப்படிக் கூப்பிட்டுக்கட்டும்" என்பார். 1979லிருந்து 82 வரை அந்த ஊரில் ஒரு வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். மதுரையை விட்டு ரயிலேறும்போது வயது இருபத்து நாலு. இந்தி தெரியாது, வங்காளம் அதைவிடத் தெரியாது. திரும்பி வந்தபின் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் வீட்டில் எந்த விசேஷமானாலும், பந்தியில் சாம்பார் வருவதற்குள் பேச்சு கல்கத்தாவுக்குப் போய்விடும். எழுபது வயது முடிகிறது, முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது, ஜனவரியில் அங்கே வெயிலும் கிடையாது. சரி என்று இந்த சனி ஞாயிறுக்கு டிக்கெட் போட்டேன்.

மதியம் இறங்கினோம். சதர் தெருப் பக்கம் ஒரு விடுதியில் பெட்டியைப் போட்டதும் முகம்கூடக் கழுவவில்லை. "காலேஜ் தெருவுக்கு இன்னிக்கே போயிடணும்டா. ஞாயித்துக்கிழமை போனா பூட்டின பெட்டிக்கடையைத்தான் பார்க்கணும்" என்றார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய தகவல். விடுதிக்காரரும் அதையேதான் சொன்னார்.

வங்காளத்தில் புத்தகத்துக்கு 'பொய்' என்று பெயர். உச்சரிப்பில் முதல் எழுத்து கொஞ்சம் அழுந்தும், ஆனால் தமிழில் எழுதினால் பொய்தான். காலேஜ் தெருவை 'பொய் பாரா' என்கிறார்கள், புத்தகப் பேட்டை. பிரசிடென்சி கல்லூரியின் சுற்றுச்சுவர் (இப்போது அது பல்கலைக்கழகம்), கல்கத்தா பல்கலைக்கழகம், சமஸ்கிருதக் கல்லூரி என்று சுவர் இருக்கிற இடமெல்லாம் பலகையும் தகரமுமாகக் கடைகள். கடைக்காரர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், அவரைச் சுற்றிக் கழுத்தளவுக்குப் புத்தகம். நுழைவுத் தேர்வு கைடுகள்தான் முக்கால்வாசி. அவற்றுக்கு இடையில் திடீரென்று அட்டை கிழிந்த ஒரு பழைய பொறியியல் நூல், பக்கத்தில் மாவோ. நான் ஒன்றும் வாங்கவில்லை. மாமா ஒரு வங்காள அரிச்சுவடி வாங்கினார். இத்தனை வருஷம் பேச மட்டும் தெரிந்திருந்ததாம், இனிமேல் படிக்கப் போகிறாராம்.

எதிர்ச் சந்தில் மாடிப்படி ஏறினால் காபி ஹவுஸ். ஆல்பர்ட் ஹால் என்பது கட்டடத்தின் பழைய பெயர். 1942ல் காபி போர்டு இங்கே கடை திறந்தது. அவர்கள் கைவிட்ட பிறகு, 1958 முதல் ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்துகிறார்கள். உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், மேலே பெரிதாகத் தாகூர் படம், கீழே ஒரே இரைச்சல். வெள்ளைச் சீருடையும் விசிறி வைத்த தலைப்பாகையுமாகப் பரிமாறுகிறவர்கள் நம்மை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அதுவும் இந்த இடத்தின் அழகு என்கிறார் மாமா. பால் இல்லாத கடுங்காப்பிக்கு இங்கே 'இன்ஃபியூஷன்' என்று பெயர். மதுரைக்காரன் நாக்குக்கு அது காப்பியே இல்லை. ஆனால் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. பக்கத்து மேசையில் ஏழு பேர், நான்கு நாற்காலி, ஒரு சண்டை. எதைப் பற்றி என்று மாமாவிடம் கேட்டேன். காதை நீட்டி வைத்துக் கேட்டுவிட்டு, "ஃபுட்பால்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, பாலிடிக்ஸ்" என்றார்.

கீழே இறங்கினதும் டிராமில்தான் போகணும் என்று அடம். தண்டவாளம் நடுரோட்டில் பளபளவென்று கிடக்கிறது, மேலே மின்கம்பியும் இருக்கிறது. நாற்பது நிமிஷம் நின்றோம். 1873ல் குதிரை இழுத்து ஆரம்பித்து, 1902ல் மின்சாரத்துக்கு மாறிய டிராம் இது. நம் சென்னையில் 1953லேயே மூடிவிட்டார்கள். இந்த ஊர் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 2024ல் மாநில அரசு, எஸ்பிளனேடு - மைதான் தடம் ஒன்றை மட்டும் நினைவுக்காக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நிறுத்தப் போவதாக அறிவித்தது. இதை மாமாவிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் அவரே, "மஞ்ச டாக்ஸி ஒண்ணு பிடி" என்றார்.

சனி

விடுதிக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடந்து போகிற தூரம்தான். ஊர் மக்கள் அதை 'ஜாதுகர்' என்கிறார்கள், ஜாலவீடு என்று சொல்லலாம். 1814ல் ஆசியாட்டிக் சொசைட்டி தொடங்கியது, இந்தியாவிலேயே பழையது. யோசனை சொன்னவர் நத்தானியேல் வாலிச் என்ற டென்மார்க்காரர், தாவரவியல் வல்லுநர். டென்மார்க்காரர் வசமிருந்த செராம்பூரை ஆங்கிலேயர் பிடித்தபோது கைதியாகச் சிக்கியவர், பிறகு அவர்களுக்கே மியூசியம் வைத்துக்கொடுத்தார். சௌரங்கி சாலையில் இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடம் 1878ல் மக்களுக்குத் திறந்தது. நடுவில் புல்வெளி முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், செட்டிநாட்டு வீட்டைப் பத்து மடங்கு பெரிதாக்கினது போல.

இந்த மாதிரி இடத்தில் எல்லா அறையையும் பார்ப்பேன் என்று கிளம்புவது பந்தியில் எல்லாப் பலகாரத்தையும் தின்பேன் என்கிற கதைதான். எகிப்து மம்மி முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை, அதை எட்டிப் பார்த்ததோடு சரி. யானைப் புதைபடிவங்கள், திமிங்கல எலும்பு எல்லாம் நடந்தபடியே. ராம்பூர்வாவில் கிடைத்த அசோகரின் சிங்கத் தலைக்கு மட்டும் ஐந்து நிமிஷம் கொடுத்தோம். மிச்ச காலை முழுதும் பார்ஹுத் கூடத்தில்.

பார்ஹுத் மத்தியப் பிரதேசத்தில் சத்னா பக்கத்தில் இருக்கிறது. 1873ல் தொல்லியல் ஆய்வாளர் கன்னிங்ஹாம் அங்கே போனபோது, அங்கிருந்த பௌத்த ஸ்தூபி அநேகமாகக் காணாமல் போயிருந்தது, ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல்லைப் பெயர்த்திருந்தார்கள். மிஞ்சிய வேலித் தூண்களையும் தோரண வாயிலையும் இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கிமு இரண்டாம் நூற்றாண்டு வேலை. செம்பழுப்பு மணற்கல். வேலி என்றால் இடுப்பளவு இல்லை, ஆளை முழுங்குகிற உயரம். தூணுக்குத் தூண் வட்டப் பதக்கம் மாதிரி செதுக்கி, அதற்குள் ஒரு கதை, கீழேயே அது என்ன கதை என்று பிராமி எழுத்தில் தலைப்பு. படம் போட்டுப் பெயர் எழுதுகிற பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

அதில் ஒரு வட்டத்தின் முன்னால் மாமா நின்றுவிட்டார். ஒரு மாட்டு வண்டி, மாடுகளை அவிழ்த்துவிட்டிருக்கிறது. வண்டியிலிருந்து எதையோ இறக்குகிறார்கள். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து சின்னச் சின்னச் சதுரமாக எதையோ வரிசையாக அடுக்குகிறார்கள். நான் தளக்கல் பதிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"காசுடா" என்றார் மாமா. "எண்ணி வைக்கிறான் பாரு. கேஷியர் வேலை."

காசேதான். அந்தக் காலத்து முத்திரைக் காசுகள் நிறைய சதுரமாகத்தான் இருந்தன. கதை தெரிந்தது: அனாதபிண்டிகர் என்ற வணிகர், புத்தருக்கு ஒரு தோட்டம் கொடுக்க ஆசைப்பட்டு ஜேதன் என்ற இளவரசனிடம் கேட்கிறார். விற்க மனமில்லாத இளவரசன், தோட்டம் முழுக்கப் பொன்னைப் பரப்பினால் தருகிறேன் என்று பேச்சுக்குச் சொல்லிவிட்டான். இவர் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கீழே இருக்கும் எழுத்தும் அதையே சொல்கிறது: கோடி பரப்பி வாங்கிய ஜேதவனத்தை அனாதபிண்டிகர் கொடுக்கிறார். 'கோடி' என்ற சொல் அப்படியே அங்கே இருக்கிறது. 2,100 வருஷத்துக்கு முந்தைய ரியல் எஸ்டேட் பத்திரம்.

நடுவில் நிற்கிற வணிகரின் கையில் மூக்கு வைத்த ஒரு பாத்திரம், கிண்டி போல. அதை நான் கவனிக்கவே இல்லை. மாமா விரலை நீட்டி (தொடவில்லை, காவலர் பார்த்துக்கொண்டே இருந்தார்), "இது என்ன தெரியுதா? தாரை வார்க்கிறான். உங்க அம்மா கல்யாணத்துல எங்கப்பா செம்புல தண்ணி ஊத்தினாரே, அதேதான்" என்றார். பொன்னைக் கொட்டி வாங்கியாகிவிட்டது, ஆனாலும் கை வழியே நீர் விழுந்தால்தான் கொடுத்ததாகக் கணக்கு. தாரை வார்ப்பது என்று நாம் இப்போது ஏமாந்து விட்டுக்கொடுப்பதற்குத்தான் சொல்கிறோம்.

மற்றத் தூண்களில் கதை இல்லாத இடத்திலும் ஒரு வரி எழுத்து இருக்கிறது. யார் இந்தக் கல்லைக் கொடுத்தது என்ற விவரம். பிக்குணிகள்கூடக் கொடுத்திருக்கிறார்கள். வரி எங்கே முடிகிறது என்று பார்த்தால், திரும்பத் திரும்ப ஒரே இரண்டு எழுத்து. இரண்டாவது எழுத்து சுலபம்: ஒரு படுக்கைக் கோடு, அதன் மேல் நட்டுவைத்த குச்சி, பக்கத்தில் ஒரு புள்ளி. தானம். எங்கள் மதுரைப் பக்கம் மாங்குளம் மலைக் குகைக் கல்வெட்டில் கணி நந்தன் என்ற சமணத் துறவியின் பெயரில் வருகிற 'ந'வும் இதே குச்சிதான். அங்கே ஏறிப் பார்த்திருந்ததால் இங்கே கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு எழுத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு மாமாவிடம் அரைமணி நேரம் பீற்றிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மணி இரண்டு. பசி. நியூ மார்க்கெட் பின்னாலேயே இருக்கிறது. செங்கல் கட்டடமும் மணிக்கூண்டுமாக 1874ல் திறந்த சந்தை. மாநகராட்சித் தலைவராக இருந்த ஸ்டூவர்ட் ஹாக் பெயரைப் பிற்பாடு வைத்தார்கள், ஆனால் நூற்றைம்பது வருஷமாகியும் அது 'புது' மார்க்கெட்தான். உள்ளே நுழைந்ததும் கூடையோடு ஒருவர் ஒட்டிக்கொள்வார், "பஷ்மினா? பெட்ஷீட்?" என்று. வேண்டாம் என்றாலும் கூடவே வருவார். அவரோடு சண்டை போடாமல் நடந்தால் மசாலா, உலர்பழம், வளையல், பொம்மை எல்லாம் தாண்டி நாஹூம் பேக்கரி வரும். பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பம் 1902ல் ஆரம்பித்தது. இந்த ஊரில் யூதர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கடையில் கூட்டம் மட்டும் குறையவில்லை. பழைய மரத்தாலான கண்ணாடி அலமாரிகள். பழ கேக் ஒன்று வாங்கினோம். கனம் செங்கல், வாசம் கிறிஸ்துமஸ்.

மதியச் சாப்பாடு ரோல். பரோட்டாவைத் தோசைக்கல்லில் முட்டைமேல் கவிழ்த்து, வெங்காயம் பச்சைமிளகாய் எலுமிச்சை போட்டுச் சுருட்டி, கீழ்ப்பாதியைக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். பக்கத்திலிருக்கும் நிஜாம் கடையில் பிறந்ததாகச் சொல்லும் 'காட்டி ரோல்' இதற்கு அண்ணன்: உள்ளே குச்சியில் சுட்ட கறி, குச்சிக்கு வங்காளத்தில் காட்டி. எங்கள் வீட்டில் மாமா சைவம். முட்டை உடைத்த கையால் காப்பி கொடுத்தால்கூடக் குடிக்கமாட்டார். அவர் கடைக்காரரைப் பார்த்து, "தாதா, ஏக்டா எக் ரோல்" என்றார். (தாதா என்றால் அங்கே அண்ணன், பயப்பட வேண்டாம்.) நான் வாயைப் பிளந்ததைப் பார்த்துவிட்டு, "எழுபத்தொம்பதுலயே ஆரம்பிச்சது. உங்க அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றார். அம்மா இணையத்தில் எதையும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சாயங்காலம் பிரின்செப் காட். காலையில் பீற்றிக்கொண்ட அந்த 'தானம்' இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்த ஆளின் பெயர்தான் இந்தப் படித்துறைக்கு. ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா நாணயசாலையில் உலோகம் சோதிக்கும் அதிகாரி. 1837ல் சாஞ்சி வேலியிலிருந்து எடுத்த கல்வெட்டுப் படிகளை வைத்துக்கொண்டு, எல்லாம் ஒரே இரண்டு எழுத்தில் முடிகிறதே என்று பார்த்திருக்கிறார். கோயிலில் ஆளுக்கொரு கல்லில் எழுதியிருந்தால் அது வேறென்ன, கொடுத்தவர் பெயரும் 'தானம்' என்ற சொல்லுமாகத்தான் இருக்கும் என்று ஊகித்தார். நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' பார்த்தவன் யாரும் உடனே ஊகித்திருப்பான், ஆனால் அவர்தான் ஊகித்தார். அந்த இரண்டு எழுத்திலிருந்து மற்ற எழுத்துகள், பிறகு அசோகர் கல்வெட்டுகள். அடுத்த வருஷமே உடம்பு முடியாமல் கப்பலேறி, 1840ல் லண்டனில் இறந்துபோனார். வயது நாற்பது. ஊர்க்காரர்கள் கட்டிய வெள்ளைத் தூண் மண்டபம் ஆற்றங்கரையில் இருந்தது. ஆறு தள்ளிப் போய்விட்டது, நடுவில் இப்போது ரோடும் சுற்று ரயில் தண்டவாளமும். மண்டபத்தில் கல்யாண ஜோடிகளின் போட்டோ ஷூட் மும்முரம். கல்வெட்டைப் படித்தவர் பெயர் கல்வெட்டை ஒருத்தரும் படிக்கவில்லை.

படியில் உட்கார்ந்து ஜால்முரி. நம் காரப்பொரிதான், ஆனால் கடுகெண்ணெய். அந்த நெடி முதல் வாயில் மூக்கில் ஏறும், மூன்றாவது வாயில் பழகும், பொட்டலம் முடியும்போது இன்னொன்று கேட்கும். நடுநடுவே தேங்காய்ச் சில்லு.

அங்கிருந்து பாபு காட் வரை நடந்து, படகில் ஹவுரா. பாலத்தைப் பார்க்கப் படகுதான் சரி. 1943ல் திறந்தது, 26,500 டன் எஃகு, நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட். ஆற்றுக்குள் தூண் கிடையாது. இத்தனை பெரிய இரும்பை எது அரித்தது தெரியுமா? வெற்றிலை எச்சில். பாதசாரிகள் துப்பித் துப்பித் தொங்குகம்பிகளின் அடி தேய்ந்து, கண்ணாடியிழை உறை மாட்டவேண்டி வந்தது.

திரும்பும்போது ஆற்றுக்கு அடியில். 2024 மார்ச்சில் திறந்த மெட்ரோ. ஹவுரா நிலையத்தில் எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக இறங்கிக்கொண்டே இருக்கிறோம். ஆற்றுக்கடியில் 520 மீட்டர், முக்கால் நிமிஷம். சுரங்கச் சுவரில் நீல விளக்கு வந்தால் தலைக்கு மேல் தண்ணீர் என்று அர்த்தம். பெட்டி முழுக்கச் செல்போன்கள் உயர்ந்தன. மாமா ஜன்னலைப் பார்க்கவில்லை. அவர் இருந்த மூன்று வருஷமும் முதல் மெட்ரோவுக்காக சௌரங்கியைத் தோண்டியே போட்டிருந்தார்களாம். மழை பெய்தால் குளம். அது 1984ல் ஓடத் தொடங்கியபோது அவர் மதுரையில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தாண்டா அவ்வளவு பள்ளம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு

காலை ஐந்தரைக்கு மல்லிக் காட் பூச்சந்தை. ஹவுரா பாலத்தின் கீழே, ஆற்றை ஒட்டி. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வளர்ந்த மூக்குக்கு இங்கே முதலில் ஒரு ஏமாற்றம்: மல்லி வாசம் தூக்கவில்லை. மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கேந்தி, கேந்தி, கேந்தி. தொடுத்து, பாம்புபோலச் சுருட்டி, தலையில் நாலு ஆள் பாரம் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். முன்னால் போகிறவர் கத்துகிற ஒலிக்கு அர்த்தம் தேவையில்லை, விலகு என்பதுதான். சம்பங்கி உண்டு. காளிக்குச் செம்பருத்தி, மொட்டாகவே 108 கோத்து மாலை. கடைசியில் ஆற்றுப் படியில், பூ அலசுகிற தண்ணீரிலேயே குளிக்கிறார்கள், பக்கத்தில் ஒருவர் உடற்பயிற்சி செய்கிறார். காலடி முழுக்கச் சேறும் இதழும். வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுப் போங்கள்.

இங்கேதான் மாமா மாட்டினார். ஒரு மாலை வாங்கலாம் என்று கேந்திக்காரரிடம் விரலைக் காட்டி "ஏக்டா" என்றார். இருநூறு ரூபாய் கேட்டார். மாமா பேரம் பேசி நூற்று அறுபதுக்குக் கொண்டுவந்து, வெற்றியோடு பணத்தை நீட்டினால், கையில் வந்து விழுந்தது ஒரு கட்டு. இருபது சரம். மொத்த வியாபாரச் சந்தையில் ஒன்று என்றால் ஒரு கட்டு. திருப்பிக் கொடுக்க முயன்றதற்கு அவர் சிரித்துக்கொண்டே ஒரு செம்பருத்தியையும் மேலே வைத்தார்.

இருபது சரம் கேந்தியோடு இரண்டு பேர் டாக்ஸியில். ஓட்டுநருக்கு ஒன்று, கண்ணாடியில் மாட்டிக்கொண்டார். அங்கிருந்து டிரெட்டா பஜார், சீனக் காலைச் சாப்பாடு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் டாங் அச்சேவ் என்பவர் வந்து கரும்பாலை வைத்ததிலிருந்து சீனர்கள் இங்கே இருக்கிறார்கள். 1962 போருக்குப் பிறகு பலரை ராஜஸ்தானில் தியோலி முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். வெளியே வந்தவர்களில் நிறையப் பேர் ஊரையே விட்டுப் போனார்கள். மிச்சமிருக்கிற குடும்பங்கள் காலையில் தெருவோரம் மூங்கில் ஆவிப் பெட்டியும் மடக்கு மேசையுமாக. பன், மீன் உருண்டை சூப், கொழுக்கட்டை போன்ற மோமோ. இப்போது பாதிக்கு மேல் விற்கிறவர்கள் சீனர்கள் அல்ல. நாங்கள் சூப் வாங்கியது ஒரு சீனப் பாட்டியிடம். மாமா மீன் உருண்டையை என் கிண்ணத்துக்குத் தள்ளிவிட்டு (மீன் வரை இன்னும் போகவில்லையாம்) சூப்பை மட்டும் குடித்தார். மீன் இல்லாமல் அந்த சூப் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பாட்டிக்கு இரண்டு சரம். ஒன்றை மேசைக் காலில் கட்டினார், இன்னொன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எட்டரைக்கெல்லாம் எல்லாம் சுருட்டியாகிவிட்டது, தெரு பழையபடி காய்கறித் தெரு.

விக்டோரியா நினைவகம் போனோம். பளிங்கு நன்றாகத்தான் இருக்கிறது. கூட்டம் அதைவிட நன்றாக இருந்தது. வந்துவிட்டோம்.

மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு லேக் மார்க்கெட். கல்கத்தாவுக்கு குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வந்த தமிழர்கள் குடியேறிய பகுதி. மாமா தங்கின மெஸ் இங்கேதான். வாழையிலை, வாழைப்பூ, கறிவேப்பிலை இன்றும் கிடைக்கிறது. காலையில் தேடின மல்லிச்சரம் இங்கே இருந்தது, முழம் கணக்கில். மாமா மூன்று சந்து ஏறி இறங்கினார். எங்கே திரும்பினாலும், "இங்கதான்... இல்ல." கடைசியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் நின்றார். எதிர்வீட்டு ஜன்னல் கம்பியை வைத்துத்தான் அடையாளம் கண்டாராம், தினமும் பல் தேய்த்துக்கொண்டே பார்த்த ஜன்னல். வாட்ச்மேன் என்ன என்று கேட்டார். மாமா தன் பழைய வங்காளத்தில் நிறையப் பேசினார். வாட்ச்மேன் பீகார்க்காரர், ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டில் இரண்டு சரம் கட்டிவிட்டு நகர்ந்தோம்.

விவேகானந்தா பார்க் பக்கத்தில் புச்கா. பானிபூரி என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். மசித்த உருளையும் வேகவைத்த கொண்டைக்கடலையும் காரமாகப் பிசைந்து, ஒவ்வொன்றாகப் பெருவிரலால் உடைத்து நிரப்பி, புளித்தண்ணீரில் முக்கி, நம் கையிலிருக்கும் சால இலைத் தொன்னையில் வைக்கிறார். விழுங்குவதற்குள் அடுத்தது. புளியோடு கந்தராஜ் எலுமிச்சையின் மணம், நார்த்தங்காய்க்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. கணக்கு முடிந்ததும் தண்ணீர் இல்லாமல் உலர்ந்த ஒன்று இலவசம். அதற்கு 'ஃபாவ்' என்று பெயர், நம் கொசுறு. கேட்காமலே தரவேண்டும், தராவிட்டால் கேட்கலாம். மாமா ஒரு சரத்தை எடுத்து அவருடைய கண்ணாடிப் பெட்டியின் மேல் போட்டார். அவர் எனக்கு இரண்டு ஃபாவ் கொடுத்தார், மாமாவுக்கு ஒன்று. பழைய கேஷியர். தொன்னையைத் தூக்கி என் தொன்னையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பூ நான் குடுத்தேன்" என்றார் கடைக்காரரிடம், தமிழில்.

வழியில் ஜெய்நகர் மோவா ஒரு பெட்டி. நெல்பொரியும் நோலென் குர் வெல்லமும் சேர்த்த உருண்டை, குளிர்காலத்தில் மட்டும். நாம் பனையில் பாளையைச் சீவுவோம்; இங்கே ஈச்சமரத்தின் கழுத்தைச் சீவிப் பானை கட்டி இறக்கிய சாற்றைக் காய்ச்சுகிறார்கள். கருப்பட்டி தின்று வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாத வாசம். அதிகம் நாள் தாங்காது என்றார் கடைக்காரர். பெட்டி விடுதியிலேயே பாதியாகிவிட்டது.

திங்கள்

வரவேற்பு மேசைக்கு மூன்று, அறை பெருக்குகிற அம்மாவுக்கு நாலு என்று கொடுத்தும் ஏழு சரம் மிச்சம். மாமா அவற்றை ஈரத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மதுரைக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது.

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். "ஏண்டா, கல்கத்தாவுல இருந்து கேந்தியா வாங்கிட்டு வருவாங்க? மாட்டுத்தாவணியில கிடைக்காததா?" அப்புறம் தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்து, "சரி, அங்க சாப்பாடெல்லாம் எப்படி?"

"லேக் மார்க்கெட்ல இட்லிதான்க்கா. வேறென்ன கிடைக்கும் நமக்கு?" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல், சரத்தைப் பிரித்துச் சாமி படங்களை எண்ணிக்கொண்டே.